தத்து மகள் வரும் நாளில் உறவினர்கள் எல்லோரும் கூடலாமா?

கேள்வி:
இன்னும் மூன்று வாரங்களில் ஐந்து மாதப் பெண் குழந்தை எங்கள் தத்து மகளாக வீட்டுக்கு வருகிறாள். பிறந்த சில நாட்களிலிருந்து ஒரே வளர்ப்புத் தாயிடம் இருந்தவள். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவள் வரும் நாளன்றே இரு வீட்டுப் பெரியவர்களும் உறவினர்களும் கூடி வரவேற்க ஆசைப்படுகிறார்கள். இத்தனை ஆண்டுக் காத்திருப்பில் எங்களோடு சேர்ந்து ஏங்கியவர்கள் என்பதால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் நாங்கள் அவளைப் பார்க்கச் சென்றபோது, நான்கு பேர் சூழ்ந்ததுமே வளர்ப்புத் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். என்ன செய்வது? அவள் பெயரை மாற்றலாமா என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது.

பதில் 1:
நானும் ஒரு தத்துத் தாய் என்பதால் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: அந்த நாள் உங்களுக்குத்தான் கொண்டாட்டம், அவளுக்கு அது பிரிவு. ஐந்து மாதக் குழந்தைக்குத் தன்னைத் தூக்கியவரின் குரல், வாசனை, நடை எல்லாம் நன்றாகத் தெரியும். அவை ஒரே நாளில் மறைந்துபோன வீட்டில் புதிய முகங்கள் இருபதைக் காட்டினால் அவளால் யாரையும் பற்றிக்கொள்ள முடியாது. குறிப்பிட்ட ஒருவரிடம் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு பொதுவாக ஆறு, ஏழு மாதத்திலிருந்து தெளிவாகத் தெரியத் தொடங்கும் என்று, மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தும் தொடங்கிவைத்த ஆய்வுகளின் வழியில் வந்தவர்கள் கூறுகிறார்கள். உங்கள் மகள் அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

ஆகவே முதல் சில வாரங்களுக்குப் பால் புகட்டுவது, தூங்கவைப்பது, அழும்போது தூக்குவது ஆகிய மூன்றையும் நீங்களும் உங்கள் கணவரும் மட்டுமே செய்யுங்கள். உறவினர்களிடம் "வராதீர்கள்" என்று சொல்லாமல் "உங்கள் கைகள் எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். சமையல், துணி துவைத்தல், மகனை வெளியே அழைத்துச் செல்லுதல் என்று வேலை கொடுத்தால் மனத்தாங்கல் பாதி குறைந்துவிடும். (மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும், என் மாமியார் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.) வளர்ப்புத் தாயிடமிருந்து துவைக்காத ஒரு போர்வையையும், அவள் பழகிய புட்டியையும் கேட்டு வாங்குங்கள். பால்மாவையும் உறங்கும் நேரத்தையும் உடனே மாற்றாதீர்கள்.

இன்னொன்று. வந்த புதிதில் அவள் அழாமல், அதிகம் தூங்கிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் இருந்தால் "எவ்வளவு சமர்த்து" என்று எல்லோரும் புகழ்வார்கள். எங்கள் மகனும் அப்படித்தான் இருந்தான். அது சமர்த்தன்று, திகைப்பு என்று எங்களுக்குப் பின்னர்தான் புரிந்தது. மூன்றாவது வாரம் அவன் என் மடியில் வீரிட்டு அழுதபோதுதான் என்னை நம்பத் தொடங்கிவிட்டான் என்று உணர்ந்தேன்.

பதில் 2:
பெயர் குறித்து மட்டும் எழுதுகிறேன். நாலரை மாதக் குழந்தைகளே தம் பெயரின் ஒலியைப் பிற பெயர்களிலிருந்து பிரித்தறிவதாக 1995 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையும் பெயரைக் குழந்தையின் அடையாளத்தில் ஒரு பகுதியாகவே கருதுகிறது. நீங்கள் விரும்பும் பெயரை அதனோடு சேர்த்து வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.

பதில் 3:
குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். குழந்தையைத் தூக்கப்போகும் பெரியவர்கள் கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியைக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்பதால், உங்களுக்கு இருக்கும் மூன்று வாரத்தில் இந்த வாரமே அதற்கு ஏற்பாடு செய்வது நல்லது. சளியோ உதட்டுப் புண்ணோ உள்ளவர்கள் முத்தமிட வேண்டாம். வந்த இரண்டு வாரங்களுக்குள் தடுப்பூசிக் குறிப்பேட்டுடன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். பிரசவித்த தாய்க்கு வரும் மனச்சோர்வைப் போன்றது தத்தெடுத்த தாய்க்கும் தந்தைக்கும் வரக்கூடும். இத்தனை ஆசைப்பட்டு வாங்கிவந்த பிள்ளையிடம் உடனே பாசம் பொங்கவில்லையே என்ற குற்றவுணர்வில் பலர் வாய் திறப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் மாதம் வீட்டுக்குள் நாங்கள் நால்வர் மட்டும் என்று நேற்று இரவு எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட்டோம். என் தாயார் மட்டும் இன்னும் பதில் அனுப்பவில்லை. மகனிடம் என்ன சொல்வது?

பதில் 1:
உள்ளதைச் சொல்லுங்கள்: அவள் வேறொருவர் வயிற்றில் பிறந்தாள், இனி நம் வீட்டில் வளர்வாள், முதலில் சில நாட்கள் அவளுக்குப் பயமாக இருக்கும் என்று. "தத்து" என்ற சொல்லை அவன் காதில் இப்போதே சாதாரணமாக விழச் செய்தால், பிற்காலத்தில் தங்கையிடம் அதை இரகசியமாக மறைக்க வேண்டிய நிலை எவருக்கும் வராது. தினமும் அரை மணி நேரம் அவனோடு மட்டும் இருங்கள். அந்த நேரத்தில் குழந்தை கணவரிடம் இருக்கட்டும். உங்கள் தாயாருக்கு நீங்களே தொலைபேசியில் பேசிவிடுங்கள். எழுத்தில் வந்த செய்தி அவரைச் சுட்டிருக்கும்.