மூடிய தொட்டிக்குள் செடியும் தவளையும்: தானாகவே ஓடுமா?

கோவை_மாடி:
வீட்டில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. மண், செடி, பாசி எல்லாம் வைத்து, சின்னதாக ஒரு தவளையும் விட்டு, மேலே கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று யோசனை. கையே வைக்காமல் தானாக ஓடுகிற மாதிரி அமைக்க முடியுமா? மண்ணை எப்படிப் போடுவது?

சருகுமண்:
செடியும் பூச்சியும் மட்டும் என்றால் கிட்டத்தட்ட முடியும். தவளை என்றால் முடியாது. அது உயிருள்ள இரையைத்தான் தின்னும், இரண்டடித் தொட்டிக்குள் அவ்வளவு பூச்சி பெருகாது, நீங்கள்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐசோபாடும் (சருகுக்கடியில் வாழும் பல கால் குட்டிப் பிராணி) ஸ்பிரிங்டெயிலும் (ஈர மண்ணில் துள்ளும் மிகச் சின்ன உயிர்) செய்வது துப்புரவு வேலை, எச்சத்தையும் அழுகிய இலையையும் தின்று உரமாக்கும், அவ்வளவுதான். தோட்டத்துத் தவளையைப் பிடித்து அடைக்கவும் வேண்டாம், அது வெளியிலேயே நன்றாக இருக்கிறது.

கீழே இரண்டு அங்குலம் சரளை, அதன் மேல் கொசுவலை, அதற்கு மேல் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் கரியும் கலந்து நான்கு அங்குலம். நார்த்தூளில் உப்பு இருக்கும், நன்றாக அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். மேலே நாட்டு பாதாம் இலைச் சருகு, கனமாக.

பாசிக்கல்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், தொழுவுரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அரிசோனாவில் 1991-ல் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் வாழப் போனார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.5-க்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மக்கிய பொருள் நிறைந்த மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட, அதில் பெரும்பகுதியைச் செடிகளுக்குக் கிடைக்காமல் கான்கிரீட் இழுத்துக்கொண்டது. அதனால் மூடியில் கையகலம் வலை வைத்துக் காற்று விடுங்கள். நேர் வெயில் கூடவே கூடாது, மூடிய கண்ணாடிக்குள் எல்லாம் வெந்துவிடும்.

கோவை_மாடி:
சரி, தவளை வேண்டாம். ஐசோபாடை எப்போது விடலாம்?

சருகுமண்:
செடி வேர் பிடிக்க ஒரு மாதம் போகட்டும். அதற்குள், மரக்கட்டை வைத்திருந்தால் அதில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை படரும், துடைக்காதீர்கள், ஸ்பிரிங்டெயிலை அப்போதே விட்டால் அதை மேய்ந்துவிடும். ஐசோபாடு செவுள் போன்ற உறுப்பால் மூச்சுவிடுகிற பிராணி, ஈரம் காய்ந்தால் செத்துப்போகும், ஊறிக் கிடந்தாலும் ஆகாது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தெளித்து மற்றதைக் காயவிடுங்கள், எது வேண்டுமோ அங்கே போய்க்கொள்ளும். சருகுக்கடியில் கணவாய் மீனின் ஓட்டுத் துண்டு ஒன்றும் வையுங்கள், தோலுரிக்கிற சமயத்தில் கால்சியம் தேவைப்படும்.