மறு: டெப்போசிஷன் வீடியோகிராஃபி – ‘வெட்டாப்பதிவு’ சரிவருமா?

> கூடலூர் அக்கா எழுதியது: அமெரிக்க விபத்து வழக்குக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘டெப்போசிஷன் வீடியோகிராஃபி’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘வாக்குமூல ஒளிப்பதிவு’ என்று போட்டால் போதுமா?

போதாது அக்கா. கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். வக்கீல்கள் கூப்பிட்டால் அட்வகேட் கமிஷனர் (கோர்ட்டுக்கு வர முடியாதவரின் சாட்சியத்தை நேரில் போய்ப் பதிய கோர்ட் அமர்த்தும் வக்கீல்) பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ‘படப்பிடிப்பு’ வேண்டவே வேண்டாம். ஊட்டியில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் “யாருண்ணா ஹீரோ?” என்று கூட்டம் சேர்ந்துவிடும். ‘ஒளிப்பதிவு’ அழகான சொல், ஆனால் அது ஒளியை ஆளுகிறவன் வேலை. இங்கே ஆளக் கூடாது. காணொளியா காணொலியா என்ற பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை. அது கருவியைச் சொல்லும், வேலையைச் சொல்லாது.

‘வாக்குமூலம்’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது. நம்மிடம் போலீஸில் கொடுப்பதும் வாக்குமூலம், மாஜிஸ்ட்ரேட்டிடம் கொடுப்பதும் வாக்குமூலம், சாகும் தறுவாயில் சொல்வதும் வாக்குமூலம். டெப்போசிஷன் வேறு. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, நீதிபதி இல்லாத ஓர் அறையில், சத்தியப் பிரமாணம் செய்துகொண்ட சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தெடுப்பது. அமெரிக்க மத்திய உரிமையியல் நடைமுறை விதிகளில் 30ஆவது அதைப் பற்றியது. ஒரே நாளில் 7 மணி நேரம், அதுதான் பொதுவான வரம்பு. விசாரணைக்கு முன் வருவதால் ‘முன்சாட்சியம்’ எனலாமா?

கேமராவைப் பற்றியும் அந்த விதி பேசுகிறது. தொடக்கத்தில் தேதி, நேரம், இடம், சாட்சியின் பெயர், அறையில் யார் யார் என்பதையெல்லாம் சொல்லிப் பதிய வேண்டும். சாட்சியின், வக்கீல்களின் தோற்றமோ நடத்தையோ பதிவு உத்தியால் திரிந்துவிடக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில், இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த கொழுந்து பறிக்கும் அம்மாவின் சாட்சியம். வெளியே குளிர், உள்ளே விறகடுப்பு. கேமராவை எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி. அது தெளியும் வரை கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு குறுக்கு விசாரணை. அந்தம்மா அழுததும் கல்யாணப் பழக்கத்தில் என் விரல் தானாக ஜூமுக்குப் போனது. எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சை நிறுத்திவிட்டு, “தம்பி, தாலி கட்டுறதா எடுக்கிறீங்க?” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

அதைவிட மோசமானது வீட்டுக்கு வந்து பார்த்தபோது தெரிந்தது. “அன்னிக்கு யார் உங்களை நிக்கச் சொன்னது?” என்று கேட்ட கணத்தில் அவர் முகம் இருண்டுவிட்டிருந்தது. உண்மையில் அவர் பின்னாலிருந்த ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி வெளிச்சம் கொட்டியிருக்கிறது; வெளிச்சத்தைக் கேமராவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ எக்ஸ்போஷர் அதற்காக முகத்தைக் கறுக்க வைத்துவிட்டது. பார்க்கிறவர், அந்தம்மா பொய் சொல்லித் தடுமாறுகிறார் என்றுதானே நினைப்பார்? கமிஷனரிடம் உடனே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாம் மேனுவல்தான், ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைப்பதில்லை.

பதிவை ஒப்படைத்தபோது இரண்டு வக்கீல்களும் கேட்டது ஒரே கேள்வி: “எதையும் வெட்டலையே?” அந்தம்மாவின் மகனும் அதையேதான் கேட்டார். எனவே செல்லாக் காசு, வாடா மலர் போல ‘வெட்டாப்பதிவு’. விபத்து வழக்கில் காயம்பட்டவரின் மருத்துவப் பரிசோதனையையும் வீடியோ எடுப்பதுண்டு; முன்சாட்சிய வெட்டாப்பதிவு, மருத்துவப் பரிசோதனை வெட்டாப்பதிவு என்று இரண்டுக்கும் பொருந்தும்.

பரிசோதனைக்கு இது இன்னும் கச்சிதம். அங்கே எதிர்த்தரப்பு அமர்த்தும் மருத்துவர் காயம்பட்டவரைப் பார்க்க 35ஆவது விதியின்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கேமராவை விடுவதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விட்டால், கை எந்த உயரம் வரை தூக்கியது, எங்கே முகம் சுளித்தது, மொத்தம் எத்தனை நிமிடம் பார்த்தார், எல்லாம் கிடைக்கும். நடுவில் ஒரு நிமிடம் காணோம் என்றால் மிச்சத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் ஊரில் காவல் மரணங்களின் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி மனித உரிமை ஆணையம் 1995-இல் முதலமைச்சர்களுக்கு எழுதியதும் இந்த நம்பிக்கைக்காகத்தான்.

– கோத்தகிரி

*

தம்பிக்கு,

பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். கோர்ட்டில் ‘வெட்டு’ என்று காதில் விழுந்தால் கொலை முயற்சிக்கான பிரிவு 307 தான் ஞாபகம் வரும். புதிய தண்டனைச் சட்டம் வந்த 2024 ஜூலை 1 முதல் அது 109. இன்னொன்று, சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்துவீர்களே, அது வெட்டு இல்லையா?

பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றொரு சொல் உண்டு. ‘கரிப்பதிவு’ என்று சொல்லலாம் என நினைத்தேன். வீட்டில் சொன்னதும், “அடுப்பங்கரைச் சுவரிலா?” என்றார்கள். விட்டுவிட்டேன்.

– குன்னூர்

*

ஐயா,

நிறுத்தம் வேறு, வெட்டு வேறு. இரு தரப்பும் சம்மதித்து, மணி சொல்லி நிறுத்தி, மணி சொல்லித் தொடங்கினால் அந்த இடைவெளியும் பதிவில் தெரியும். வெட்டு என்பது தெரியாமல் செய்வது. புதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், கேட்கிறார்கள் அல்லவா? கோப்பில் ஒரு ஃபிரேமை எடுத்தாலும் அந்த எண் மாறிவிடும். சட்டமே ‘வெட்டலையே?’ என்றுதானே கேட்கிறது!

109 நினைவு வந்தால் வரட்டும் ஐயா. மறக்காது.

– கோத்தகிரி

*

தம்பி, ஐயா இருவருக்கும் நன்றி. ஒரு பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“முன்சாட்சிய வெட்டாப்பதிவு தொடங்குகிறது. மணி காலை 10.04. அறையில் இருப்போர் தங்கள் பெயரைச் சொல்லவும்.”

காதுக்கு உறுத்தவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். சிலோனிலிருந்து வந்தவர், அஃபிடவிட்டுக்கு இன்னும் ‘சத்தியக்கடதாசி’ என்பார். “வெட்டாம எடுத்ததுன்னு விளங்குது” என்றார். ஆனால் ‘வெட்டாப்பதிவாளர்’ நாக்கில் புரள மாட்டேன் என்கிறது. சார்பதிவாளர் ஆபீஸ் வாடை வேறு அடிக்கிறது. ஆளைக் குறிக்க மட்டும் ‘கேமராக்காரர்’ என்று விட்டுவிடட்டுமா?

– கூடலூர்

*

விடுங்க அக்கா. கமிஷனர் ரிப்போர்ட்டிலும் என்னை அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

– கோத்தகிரி