58-ல் ஓய்வு: ஊர் சுற்ற வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

வைகைக்கரை58:

வருகிற மார்ச்சில் பணி ஓய்வு. எனக்கு 58, மனைவிக்கு 55. மதுரையில் சொந்த வீடு, கடன் கிடையாது, பிள்ளைகள் அவரவர் காலில் நிற்கிறார்கள். இபிஎஸ் பென்ஷன் சொற்பம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. பிஎஃப், கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 2 கோடி இருக்கும். மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரி உட்பட மாதச் செலவு 45,000.

வருஷத்துக்கு இரண்டு உள்நாட்டுப் பயணம், இரண்டு வருஷத்துக்கு ஒரு வெளிநாடு என்று ஆசை. குத்துமதிப்பாக வருஷம் 3 லட்சம் போட்டிருக்கிறேன். இது தாங்குமா? பயணப் பணத்தைத் தனியாக வைக்கலாமா, மொத்தத்தோடு விட்டுவிடலாமா? 4 சதவீத விதி (மொத்தச் சேமிப்பில் வருஷம் 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம்) என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் பயணமும் அடக்கமா?

----

பேரேடு:

3 லட்சம் தாங்காது. 2 லட்சத்து 20 ஆயிரம் தாங்கும். எப்படி என்று சொல்கிறேன்.

4 சதவீத விதி 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து 30 வருஷத்துக்குப் போட்டது. அங்குள்ள விலைவாசி வேறு. உங்கள் மனைவிக்கு 55. 90 வரை என்றால் 35 வருஷம் பணம் ஓட வேண்டும். அதனால் 3.5 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம்.

வருஷ வீட்டுச் செலவு 5.4 லட்சம். அதை 3.5 சதவீதத்தால் வகுத்தால் 1 கோடியே 54 லட்சம். இதைப் பயணத்துக்குத் தொடாதீர்கள். மிச்சம் 45 லட்சம் சொச்சம். பாலிசி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கென்று 10 லட்சம் ரொக்கம் தனியாக வேண்டும், அறை வாடகை வரம்பு, இணைக்கட்டணம் (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) என்று கையிலிருந்து போவது எப்போதும் உண்டு. பயணத்துக்கு நிற்பது 35 லட்சம். இதுதான் பயணக் கிட்டி.

இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். வருஷம் 3 லட்சம் என்று 85 வயது வரை ஒரே மட்டத்தில் போட்டால் 81 லட்சம் காட்டும், பயந்துபோய் பயணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். பயணச் செலவு அப்படிப் போகாது. முழங்கால் அதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். 58 முதல் 69 வரை 12 வருஷம் 2.2 லட்சம் வீதம் 26.4 லட்சம். 70 முதல் 77 வரை 8 வருஷம் 80,000 வீதம் 6.4 லட்சம். அதன் பிறகு 84 வரை பக்கத்துக் கோயில், குலதெய்வம் என்று 30,000 வீதம் 2.1 லட்சம். கூட்டினால் 34.9 லட்சம். இவை எல்லாம் இன்றைய ரூபாய். கிட்டியில் வரும் வட்டியும் டிக்கெட், ரூம் வாடகை ஏறும் வேகமும் கிட்டத்தட்ட சமம் என்று வைத்திருக்கிறேன். வட்டி பின்தங்கினால் கடைசிக் கட்டத்துப் பணம்தான் முதலில் கரையும், அது பரவாயில்லை.

வருஷமாகப் பார்க்காமல் மூன்று வருஷமாகப் பாருங்கள். 6.6 லட்சம் வரும். அதில் வெளிநாடு ஒன்று 3.2 லட்சம், உள்நாடு ஐந்து தலா 60,000, மிச்சம் 40,000 ரத்துக் கட்டணம், கடைசி நேர விமான டிக்கெட் போன்றவற்றுக்கு. வெளிநாடு போகிற வருஷம் உள்நாடு ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு வெளிநாடு என்பது மூன்றாக மாறுகிறது, அவ்வளவுதான்.

கட்டாயம் தனிக் கணக்குதான். மிச்சம் அடுத்த வருஷத்துக்கு ஏறலாம். அடுத்த வருஷப் பணம் இந்த வருஷத்துக்கு இறங்கக் கூடாது. கல்யாணம், வளைகாப்பு, வெளிநாட்டிலுள்ள பிள்ளை வீட்டுக்குப் போவது எதையும் இதில் எழுதாதீர்கள். பேரனைப் பார்க்கப் போவது சுற்றுலா ஆகாது, அது வேறு தலைப்பு, வேறு பணம். இதைக் கலந்துவிட்டால் ஐந்தாவது வருஷத்தில் கிட்டி காலி, பார்த்த இடம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

----

பக்கவாட்டு_பெர்த்:

உள்நாட்டுக்கு 60,000 போதுமா என்று ஒரு பயணத்தை வைத்துப் பார்த்துவிடலாம். மதுரைக்காரர் என்பதால் காசி.

கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் (16367) மதுரை வழியாகப் போகிறது, வாரம் ஒரு நாள். வியாழன் இரவு கன்னியாகுமரியில் கிளம்பி சனி நள்ளிரவு வாக்கில் பனாரஸ். திரும்பும் வண்டி ஞாயிறு மாலை. அதாவது மறுநாளே ஏறினால் காசியில் ஒரு பகல்தான், விட்டால் எட்டு நாள். ஓய்வு பெற்றவருக்கு எட்டு நாள்தான் சரி. நடுவில் பிரயாக்ராஜ், கயா, அயோத்தி மூன்றும் அடங்கும்.

செலவு: 2ஏசி ஆளுக்கு 3,500 என்று வையுங்கள், இருவர் போக வர 14,000. வண்டியில் நான்கு நாள் சாப்பாடு 2,400. அங்கே ஒரு நாளைக்கு ரூம் 2,000, சாப்பாடு 900, ஆட்டோ-கார்-படகு 1,000, சில்லறை 300, ஆக 4,200. எட்டு நாளைக்கு 33,600. மொத்தம் 50,000. அதன்மேல் 15 சதவீதம் கைகாவலுக்கு, 57,500. வரம்புக்குள் இருக்கிறது. நகரத்தார் சத்திரம் மாதிரி இடத்தில் முன்கூட்டிச் சொல்லி இடம் கிடைத்தால் ரூம் செலவு இன்னும் இறங்கும், நம்ம ஊர் சாப்பாடும் கிடைக்கும்.

இப்போது சறுக்கும் இடங்கள். முதியோர் ரயில் சலுகை (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்) 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய கட்டணத்தை மனதில் வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

முன்பதிவு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள். காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த 60 நாளை எண்ணுவது வண்டி புறப்படும் ஊரின் தேதியை வைத்து. இந்த வண்டி மதுரைக்கு நள்ளிரவு தாண்டி வருவதால் உங்கள் டிக்கெட்டில் வெள்ளி என்றிருக்கும், ஆனால் கணக்கு வியாழனுக்கு. வெள்ளியை வைத்து எண்ணினால் ஒரு நாள் பிந்திவிடுவீர்கள், வார வண்டியில் ஒரு நாள் என்பது வெயிட்டிங் லிஸ்ட். அதே குழப்பம் ஸ்டேஷனுக்குப் போவதிலும்: வியாழன் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், வெள்ளி ராத்திரி போனால் வண்டி வெகுதூரம் போயிருக்கும்.

கீழ் பெர்த். முதியோர் கீழ் பெர்த் ஒதுக்கீடு ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. தனியாகவோ, இந்த வயது வரம்புக்குள் வரும் இருவர் ஒரே டிக்கெட்டிலோ இருந்தால்தான் கிடைக்கும். ஒருவர் தகுதி, மற்றவர் தகுதியில்லை என்றால் கணினி அந்த டிக்கெட்டையே அந்த ஒதுக்கீட்டில் எடுக்காது. உங்களுக்கு 58. அதனால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மனைவிக்குத் தனி டிக்கெட்டாக, தனி பிஎன்ஆர் எடுத்தால்தான் அவருக்கு அந்த ஒதுக்கீட்டில் கீழ் பெர்த். பெட்டி மாறிப் போகலாம், அதுதான் அதற்கு விலை. சேர்ந்தே போக வேண்டும் என்றால் பொது ஒதுக்கீட்டில் "கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும்" என்ற தேர்வை டிக் செய்யுங்கள். ஆர்ஏசி-யில் இரண்டு இரவு வேண்டவே வேண்டாம், பக்கவாட்டு இருக்கையில் இன்னொருவரோடு உட்கார்ந்தே போவது 60-ஐ நெருங்கும் முதுகுக்கு ஆகாது.

வண்டி மாறும் ஊர்களில் ரயில்வே ரிடையரிங் ரூம் மலிவு. கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி பிஎன்ஆர் இருந்தால்தான் கிடைக்கும். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

----

காலாண்டு_வட்டி:

இவ்வளவு கணக்கு எதற்கு? கிட்டியில் 30 லட்சத்தை முதியோர் சேமிப்புத் திட்டத்தில் (எஸ்சிஎஸ்எஸ்) போடுங்கள். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது, வரம்பும் 30 லட்சமாக ஏறியது. கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருஷமும் மாறாது. மூன்று மாதத்துக்கு 61,500, வருஷத்துக்கு 2.46 லட்சம். அதைத் தனி வங்கிக் கணக்கில் விழ வைத்து, விழுந்ததை மட்டும் செலவு செய்யுங்கள். முதல் அப்படியே இருக்கும்.

60 ஆகவில்லையே என்று யோசிக்க வேண்டாம். 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவர் ஓய்வூதியப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கலாம். பணம் வந்த தேதிக்கு அலுவலகத்துச் சான்று வேண்டும், வந்த பலனுக்கு மேல் போட முடியாது. மூன்று மாதம் தாண்டினால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். கிராஜுவிட்டி வந்த அன்றே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். மனைவியைக் கூட்டுக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் தொகை முழுக்க முதல் பெயருக்கே கணக்காகும்.

வட்டி விழுவது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில். எடுக்காமல் விட்டால் அதன்மேல் வட்டி கிடையாது. வருஷ வட்டி வரம்பைத் தாண்டுவதால் டிடிஎஸ் (வட்டியிலேயே கழிக்கும் வரி) பிடிப்பதைப் பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

----

பேரேடு:

நல்ல வழிதான், ஒரு ஓட்டை இருக்கிறது. 2.46 லட்சம் அப்படியே நிற்கும், விலை நிற்காது. வருஷம் 6 சதவீதம் ஏறினால் ஐந்தாவது வருஷம் கழித்து அது இன்றைய 1.84 லட்சத்துக்குச் சமம். தேவை 2.2. பத்தாவது வருஷம் கழித்து 1.37 லட்சம். நடக்கத் தெம்பு இருக்கிற வருஷங்களில்தான் துண்டு விழுகிறது. 70-க்கு மேல் பார்த்தால் எதிர்ப்பக்கம்: 12 வருஷம் கழித்து 1.22 லட்சம் மதிப்பு வருகிறது, தேவை 80,000 மட்டும். வயதானபோது பணம் மிஞ்சி, வயது இருக்கும்போது குறைகிறது.

ஆகவே முதலையும் தொடத்தான் வேண்டும். இந்தத் திட்டத்தில் பகுதிப் பணம் எடுக்க முடியாது, முழுக்கணக்கை மூட வேண்டும். முதல் வருஷத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். 1 முதல் 2 வருஷத்துக்குள் 1.5 சதவீதம், அதன் பிறகு 1 சதவீதம் பிடித்தம். எனவே 30 லட்சத்தை ஒரே கணக்காகப் போடாமல் 10, 10, 10 என்று தபால் நிலையத்திலும் இரண்டு வங்கிகளிலும் பிரித்துப் போடுங்கள். ஐந்து வருஷம் முடியும்போது ஒன்றை மூடி உடைக்கலாம், மற்ற இரண்டை மூன்று வருஷம் நீட்டிக்கலாம். நீட்டிக்கும்போது அன்றைக்குள்ள வட்டிதான் கிடைக்கும்.

----

வைகைக்கரை58:

மூன்று பேருக்கும் நன்றி. மனைவிக்குத் தனி பிஎன்ஆர் என்பது தெரியவே தெரியாது. வெளிநாட்டுக்கு 3.2 லட்சத்தில் முதலில் மலேசியா, பிறகு ஐரோப்பா என்று நினைக்கிறேன். பேக்கேஜில் போனால் டிசிஎஸ் என்று தனியாகப் பிடிக்கிறார்களாமே, அது செலவா?

----

போர்டிங்_பாஸ்:

டிசிஎஸ் செலவு அல்ல, முன்கூட்டிக் கட்டும் வரி. உங்கள் பான் எண்ணில் ஏறும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். 2025-26-ல் 10 லட்சம் வரை 5 சதவீதமாக இருந்ததை 2026 ஏப்ரல் முதல் 2 சதவீதமாக்கியிருக்கிறார்கள். 3.2 லட்சத்துக்கு 6,400. பேக்கேஜ் பணத்தை ரிட்டர்ன் போடுகிறவர் பானில் கட்டுங்கள். ரிட்டர்ன் போடாத மனைவி பெயரில் கட்டிவிட்டு "வருமானமே இல்லையே" என்று விட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும்.

உண்மையான செலவு விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருப்பது. ஜிஎஸ்டி 5 சதவீதம், டிப்ஸ், விசா, "விருப்பச் சுற்றுகள்", மதியச் சாப்பாடு. விலைப்பட்டியலை வாங்கி "சேராதவை" என்ற பகுதியை முதலில் படித்து, அதைக் கூட்டிய பிறகு விலையைப் பேசுங்கள்.

மலேசியாவுக்குப் பேக்கேஜே தேவையில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் என்று அறிவித்திருக்கிறார்கள். டிஜிட்டல் வருகை அட்டையைப் போகும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கும் தளம் போலி. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

கார்டு விஷயம். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1 லட்சம் தேய்த்தால் 4,130 போச்சு. இந்தக் கூடுதல் இல்லாத கார்டு ஒன்றை ஆறு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். ஓய்வு பெற்ற பிறகு சம்பளச் சீட்டு இல்லை என்று கார்டு கொடுக்கத் தயங்குவார்கள், வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அங்கே கடை மெஷினில் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா" என்று கேட்கும். ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்று விலை போடும். எப்போதும் ரிங்கிட்.

ஐரோப்பா 3.2 லட்சத்துக்குள் இருவருக்கு இறுக்கம். ஒரு உள்நாட்டுப் பயணத்தை விட்டுக்கொடுத்து 4-க்குப் பக்கமாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையக் கட்டணம் தனி, மறுத்தால் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. விசா கைக்கு வரும் வரை திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸில் குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்பு என்பது விசாவுக்கான விதி. உங்களுக்கு முக்கியம் வேறு: சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்ட நோய்க்கு அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் கிட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய 10 லட்சமும் போகும். எழுதினாலும் பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு மட்டும் கொடுக்கும், அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் எழுதி வாங்குங்கள், அங்குள்ள மருந்துக் கடையில் நம்ம ஊர் பிராண்டைச் சொன்னால் யாருக்கும் புரியாது.