'ஃபேர்' என்ற தரக்குறிக்கு ஏற்ற தமிழ்ச் சொல் தேவை

லண்டனைச் சேர்ந்த பழைய புத்தக வணிகர் ஒருவரின் விற்பனைப் பட்டியலை இரண்டு வாரங்களாகத் தமிழாக்கி வரும் நான், 'ஃபேர்' என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டேன். அழகு, நியாயம், வெளிர்நிறம், தெளிந்த வானிலை எனப் பல பொருள் தரும் அச்சொல், புத்தக வணிகத்தில் 'குட்' என்பதற்கும் கீழான ஒரு தரத்தைக் குறிக்கிறது: அட்டை தேய்ந்திருக்கும், முன்பின் வெற்றுத்தாள்கள் இல்லாமலும் போகலாம், ஆனால் நூலின் உரைப்பக்கங்கள் அனைத்தும் இருக்கும். 'நியாயமான' என்று எழுதினால் விலையைச் சொல்வதாகப் படுகிறது. 'நடுத்தரம்' தரத்தை உயர்த்திவிடுகிறது. 'சிதைந்தது' என்பது உண்மையே அன்று. 'சுமார்' மிக நன்றாகப் பொருந்தியது, ஆயினும் அதே வரியில் 'சுமார் 1890' என்று பதிப்பாண்டும் வருவதால் குழப்பம் நேர்கிறது. தேய்ந்திருந்தாலும் உரை முழுமையாக உள்ளது என்பதை உணர்த்தும் ஒற்றைத் தமிழ்ச் சொல் எது?