கையடக்க வாக்கிடாக்கி: டிரான்ஸ்மிட் சரி, ரிசீவ் மந்தம். ஸ்கீமாட்டிக்கை வைத்து எங்கே தொடங்குவது?

ஈயப்பற்று (கேள்வி கேட்பவர்):
5 வாட் விஎச்எஃப் செட், கென்வுட் வகை. பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் முழு பவர் போகிறது. ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் சுற்று) திறந்தால் இரைச்சல் நன்றாகக் கேட்கிறது. ஆனால் பக்கத்து அறை செட் மட்டும்தான் எடுக்கிறது. சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. படத்தில் உள்ள பாகம் போர்டில் எது என்று பிடிபடவில்லை. சிப் கெப்பாசிட்டர்களில் மதிப்பும் இல்லை.

அலைவரிசை:
முதலில் பிளாக் டயக்ராமைப் பாருங்கள். இரைச்சல் வருவதால் டிடெக்டரும் (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) ஆடியோவும் வேலை செய்கின்றன. பவர் போவதால் ஆன்டெனா சாக்கெட்டையும் லோ-பாஸ் ஃபில்டரையும் விட்டுவிடலாம். தேட வேண்டியது ஆன்டெனா சுவிட்சிலிருந்து (ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் மாற்றித் தரும் சுற்று) ஐஎஃப் ஐசி (இடைநிலை அதிர்வெண்ணைக் கையாளும் சிப்) வரைக்கும்தான்.

பாகத்தைப் பிடிக்க, போர்டு படத்தோடு உள்ள அட்டவணையில் பாக எண்ணுக்கு நேரே கட்ட எண் இருக்கும். படம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதை ஐசியின் 1-ம் பின் புள்ளியை வைத்து உறுதி செய்யுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, ஐசி பின்னிலிருந்து கன்டினியூட்டி பார்த்துக்கொண்டே போங்கள்.

5 வோல்ட் சப்ளைகளின் பெயர்கள் முக்கியம். 5சி எப்போதும் இருக்கும், 5ஆர் ரிசீவில் மட்டும், 5டி டிரான்ஸ்மிட்டில் மட்டும். ஆர்எஃப் ஆம்ப் (ஆன்டெனா சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) வரை 5ஆர் வந்து சேர்கிறதா என்று அளங்கள். பிடிடி அழுத்தும் முன் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (பவரை உள்வாங்கும் மின்தடை) கட்டாயம்.

பின்டயோடு:
இந்த அறிகுறிக்கு நான் முதலில் பார்ப்பது ஆன்டெனா சுவிட்ச். டிரான்ஸ்மிட்டில் இரண்டு பின் (PIN) டயோடுகளும் கடத்தும். ரிசீவர் பக்க டயோடு ரிசீவரின் நுழைவைத் தரைக்கு இழுக்கும். கால் அலைநீளச் சுற்று அதை ஆன்டெனாப் பக்கம் திறந்த சுற்றாகக் காட்டும். ரிசீவில் இரண்டுமே அணைந்திருக்க வேண்டும். தரைக்குப் போகும் டயோடு ஷார்ட் ஆனால் டிரான்ஸ்மிட்டுக்கு ஒரு கேடும் இல்லை, ரிசீவ் மட்டும் செத்துவிடும். ரிசீவில் அதன் ஆனோடில் 0.7 வோல்ட் நின்றால் டயோடு குற்றவாளி அல்ல, 5டி சுவிட்ச் டிரான்சிஸ்டர் கசிகிறது. டயோடைச் சோதிக்க ஒரு முனையைத் தூக்கியே அளங்கள், போர்டில் வைத்து அளந்தால் காயில் ஏமாற்றும்.

ஐஎஃப்450:
அங்கே எல்லாம் சரி என்றால் சிக்னல் ஜெனரேட்டர்: 1 கி.ஹெ. டோன், 3 கி.ஹெ. டீவியேஷன் (அதிர்வெண் விலகல்), 1000 பிஎஃப் (பைக்கோஃபாரட்) கெப்பாசிட்டர் வழியாக. ஐஎஃப் ஐசி டிஏ31136 என்றால் மிக்சர் (அதிர்வெண்ணை மாற்றும் பகுதி) உள்ளீடு பின் 16, வெளியீடு 3, ஆடியோ 9. முதல் ஐஎஃப் 38.85 மெ.ஹெ. என்றால் அதைப் பின் 16-ல் கொடுங்கள். அங்கே குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்டு, கிரிஸ்டல் ஃபில்டருக்கு முன்னால் கொடுத்தால் மந்தமானால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கும். கீழே விழுந்த செட்டில் இது சகஜம்.

ஜெனரேட்டர் ஆன்டெனாவில் இருக்கையில் பிடிடியில் கை படவே கூடாது. 5 வாட் திரும்பினால் ஜெனரேட்டரின் அட்டெனுவேட்டர் (சிக்னல் அளவைக் குறைக்கும் பகுதி) கருகிவிடும்.

அலைவரிசை:
கெப்பாசிட்டர் மதிப்பு பாகப் பட்டியலில் உண்டு. குறியீட்டில் 101 என்றால் 100 பிஎஃப், பின்னால் வரும் ஜே ±5%. சிசி என்று தொடங்குவது வெப்பநிலைக்கு நிலையான வகை. அதை எடுத்துவிட்டு சிகே வகையைப் போட்டால், ட்யூனிங் சுற்றில் செட் சூடானதும் அதிர்வெண் நகரும்.