தூணில் மீண்டும் வெடிப்பு: குளச்சல் வீட்டுக் குழு

பெரியப்பா, காலை 6.40
மக்களே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடல் பக்கத்துத் தூணில் துருவேறிய இடத்தைக் கொத்திப் புதுக் கான்கிரீட் வைத்தோம் அல்லவா, அது அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே பழைய கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரிகிறது. மின்சாரம் செலுத்தி உப்பை வெளியேற்றலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

மஸ்கட் அண்ணன், 7.15
பெரியப்பா, வெடிப்பு அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு துருவேறிய பகுதி தான் அரிபட்டு, அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைப் புதுக் கான்கிரீட்டால் மூடியதும் அந்தக் காவல் நீங்கி, உப்பேறிய பக்கத்துப் பகுதி அரிபடத் தொடங்கிவிட்டது.

அவர் சொல்லும் முறையில், தூணின்மேல் டைட்டேனியம் வலையைக் கட்டி, அதை ஈரம் காயாமல் வைத்து, வலைக்கும் கம்பிக்கும் இடையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை நான்கு முதல் எட்டு வாரம் செலுத்துவார்கள். உப்பில் உள்ள, கம்பியை அரிக்கும் குளோரைடு வலையை நோக்கி நகரும். கம்பியின்மேல் ஹைட்ராக்சைடு உருவாகி, கம்பியைக் காக்கும் காரத்தன்மை திரும்பும். நல்ல முறைதான்.

அத்தை, 7.32
வீடு கட்டும்போது கிணற்று நீர் உப்புக் கரித்தது. அதில்தான் கான்கிரீட்டைக் குழைத்தார்கள்.

மஸ்கட் அண்ணன், 7.50
அத்தை, இதைச் சொன்னது பெரிய உதவி. அப்படியானால் கம்பிக்குப் பின்னாலும் உப்பு இருக்கும். மின்னோட்டம் கம்பிக்கும் வலைக்கும் இடையில் உள்ளதையே நன்றாக இழுக்கும். பின்னால் தங்கியது காலப்போக்கில் கம்பிக்குத் திரும்பும். கம்பியை ஒட்டிச் சோடியமும் பொட்டாசியமும் குவிவதால், ஜல்லியில் காரத்தோடு வினைபுரியும் சிலிக்கா என்ற கனிமம் இருந்தால் கான்கிரீட் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கலாம். மின்னோட்டம் மிகுந்தால் கம்பியைச் சுற்றிய சிமெண்டு இளகிப் பிடிப்பும் குறையக்கூடும்.

பெரியப்பா, 8.05
அப்படியானால் என்ன செய்யட்டும்?

மஸ்கட் அண்ணன், 8.20
தூணில் பல உயரங்களில், வெவ்வேறு ஆழத்தில் துளைத்தெடுத்த பொடியை முதலில் குளோரைடு சோதனைக்குக் கொடுங்கள். புதிதாகப் போடும் கம்பிக் கான்கிரீட்டுக்கே ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை, கன மீட்டருக்கு 0.6 கிலோகிராம் குளோரைடைத்தான் அனுமதிக்கிறது. பிறகு முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி, புதுக் கான்கிரீட்டின் விளிம்பில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளை இணைக்கச் சொல்லுங்கள்; கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். மெலிந்துவிட்ட கம்பிக்கு எந்த மின்சாரமும் தடிமனைத் திருப்பித் தராது, பெரியப்பா; அங்கே புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும்.

பெரியப்பா, 8.31
முட்டுக் கொடுக்கக் கொத்தனாரை இன்றே அழைக்கிறேன். அதுவரை பிள்ளைகளை அந்தத் திண்ணைப் பக்கம் விடாதீர்கள்.