ரஸ்ஸல் படம்: அச்சா, கையால் தீட்டியதா?

மொன்டானாவில் கிரேட் ஃபால்ஸில் இருக்கிறேன். போன மாதம் பழைய சாமான் கடையில் ஒரு நீர்வண்ணப் படம் வாங்கினேன். துள்ளும் குதிரை, மேலே கவ்பாய். இடது கீழ்மூலையில், கவ்பாய் வாழ்க்கையைத் தீட்டிய அமெரிக்க ஓவியர் சார்லஸ் எம். ரஸ்ஸலின் கையெழுத்து, பக்கத்தில் அவருடைய எருமை மண்டையோட்டுக் குறி. அகலம் 18 அங்குலம், உயரம் 12. கண்ணாடிச் சட்டம்.

ரஸ்ஸல் 1880-ல், 16 வயதில் மொன்டானா வந்து, பல வருடம் மாட்டு மந்தைகளுக்கு இராக்காவல் காத்தவர். 1886-87 பனிக்காலத்தில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒற்றை மாட்டைச் சின்னத் தாளில் தீட்டினார். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குப் பித்து. ஆனால் அவர் இருந்தபோதே அவர் படங்கள் காலண்டர்களிலும் அச்சாயின; அதுதான் கவலை.

10 மடங்கு லென்ஸில் பார்த்தேன், வானத்தில் அச்சுப்புள்ளி இல்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் குளம்படிப் புழுதியில் மட்டும் வெள்ளை லேசாகத் தடித்துத் தெரிகிறது. சரி, அசல்தான் என்று நினைத்தேன். அப்புறம்தான் புள்ளி விழாத கொலோடைப் அச்சும் உண்டு என்று படித்தேன். ஓர் ஏல நிறுவனத்துக்குப் படமெடுத்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை.

அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலேயே இது அச்சா, கையால் தீட்டியதா என்று உறுதிசெய்ய வழி இருக்கிறதா?